சாரலில் பார்த்த வீடு: செங்கோட்டையில் முதல் வீடு வாங்கிய ஒரு தம்பதியின் கதை

பின்னணி

கணவருக்கு முப்பத்தாறு வயது. சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருக்கிறார். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொட்டாரக்கரைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார். மனைவி தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். இரண்டு பிள்ளைகள். கல்யாணமானதிலிருந்து செங்கோட்டையில் வாடகை வீடு. சீட்டு எடுத்ததும் அஞ்சலகச் சேமிப்புமாகச் சேர்த்து 2025 தொடக்கத்தில் கையில் 13 லட்சம் ரூபாய் இருந்தது. இரு வீட்டாரிலும் இதற்கு முன் யாரும் வங்கிக் கடனில் வீடு வாங்கியதில்லை.

நான் இந்தப் பகுதியில் கட்டட மேற்பார்வை பார்ப்பவன். வாங்குமுன் வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் வந்தார்கள். வரும்போதே ஒரு வீட்டுக்கு 50,000 ரூபாய் டோக்கன் முன்பணம் கொடுத்திருந்தார்கள்.

ஊரில் இப்போது எழும் வீடுகள்

எதைப் பார்த்து மயங்கினார்கள் என்று தெரிய, இங்கே என்னென்ன வகை வீடுகள் இருக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். பழையது தார்சா வீடு. தெருவை ஒட்டித் தார்சா (முன் வராந்தா), அப்புறம் பட்டாசல் (கூடம்), ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீளவாக்கில் போகும். மேலே நாட்டு ஓடு அல்லது மங்களூர் ஓடு. இருட்டு உண்டு, ஒழுகினால் ஓட்டை மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது கேரளா மாடல்: சாய்வாக வார்த்த கான்கிரீட், அதன்மேல் ஓடு, முன்னால் தூண் வைத்த சிட்அவுட். புனலூர்ப் பக்கம் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். நடுவில் முற்றம் வைத்த நாலுகெட்டு பாணி என்று ஒன்று அண்மையில் பரவுகிறது. பழைய நாலுகெட்டில் நாலு பக்கமும் தாழ்வாரம் ஆழமாக இறங்கி நிற்கும், அதனால் முற்றத்து மழை உள்ளே வராது. இப்போது கட்டுகிறவர்கள் முற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தை விட்டுவிடுகிறார்கள். முதல் சாரலிலேயே மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிய முற்றங்களை இந்த ஊரில் காட்ட முடியும்.

இப்போது ஓடுகிற ஓட்டம் எல்லாம் கான்டெம்பரரி எலிவேஷனுக்குத்தான். பெட்டி மேல் பெட்டி அடுக்கியது போன்ற முகப்பு, தட்டையான கூரை, சாம்பல் வெள்ளை பெயின்ட், பெரிய கண்ணாடி ஜன்னல், எங்கும் சன்ஷேடு கிடையாது. போட்டோவில் நன்றாக இருக்கும். மழை குறைவான ஊரில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் செங்கோட்டை அப்படிப்பட்ட ஊர் இல்லை. மலைத்தொடர் இங்கே தாழ்ந்து கணவாயாகிறது. தென்மேற்குக் காற்று அதன் வழியே நேராக ஊருக்குள் வரும். அதோடு வரும் சாரல் மேலிருந்து விழாது, படுத்த வாக்கில் வந்து மேற்குச் சுவரில் அடிக்கும். அந்தச் சுவரைக் காப்பது சன்ஷேடுதான். அதைத்தான் இந்த பாணி எடுத்துவிடுகிறது.

மாசியில் பார்த்த வீடு

டோக்கன் கொடுத்த வீடு ஊருக்கு மேற்கே, புளியரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு புது மனைப்பிரிவில் இருந்தது. 4 சென்ட், டூப்ளெக்ஸ், 1,400 சதுர அடி, விலை 48 லட்சம். மாடியில் பெரிய படுக்கையறை; மேற்குப் பார்த்து சுவரகலத்துக்குக் கண்ணாடி; கட்டிலில் படுத்தபடியே மலை தெரியும். பிப்ரவரி வெயிலில் பார்த்தார்கள். அந்த ஜன்னலுக்காகவே தன் மனைவி முடிவு செய்துவிட்டார் என்று கணவர் சொன்னார். அந்த அம்மாவும் மறுக்கவில்லை.

தாள்களில் குறை இல்லை. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண், ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், தனிப்பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு தடையாக நிற்பதால் இதைத்தான் முதலில் பார்த்தேன்.

விற்பவர் அவசரப்படுத்தினார். "ஆடி பொறந்துட்டுன்னா ஒருத்தனும் பத்திரம் போட மாட்டான் தம்பி. அதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆடியில் இங்கே கிரயம் முடிப்பதும் பால் காய்ச்சுவதும் வழக்கமில்லை. வாங்கும் எண்ணம் இல்லாததால் ஆடியில் யாரும் வீடு பார்க்கவும் போவதில்லை. சாரல் அடிக்கும் ஆனி, ஆடி இரண்டும்தான் இந்த ஊரில் வீட்டின் உண்மை நிலை தெரியும் மாதங்கள். தையிலும் மாசியிலும் பார்த்துவிட்டுச் சித்திரைக்குள் முடிக்கிறார்கள். அடுத்த ஆனியில்தான் வாங்கிய வீடு எப்படிப்பட்டது என்று தெரிகிறது. அதனால் மழை தொடங்கும்வரை கிரயத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன். பணக் கணக்கும் அப்போது முடிந்திருக்கவில்லை, அதனால் ஒத்துக்கொண்டார்கள்.

பங்குனியில் போட்ட கணக்கு

வீட்டுக்கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30க்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம் வரையும்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு. இந்த அளவு வீடுகளுக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது, கைக்காசுதான். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 முதல் 2 சதவீதம்.

48 லட்சத்துக்கு அதிகபட்சக் கடன் 38.4 லட்சம். மீதி 9.6 லட்சம், அதற்கு மேல் பத்திரச் செலவு 4.32 லட்சம். இரண்டும் சேர்ந்தாலே கையிலிருந்த 13 லட்சத்தைத் தாண்டியது. மனைவி பேரில் பத்திரம் போட்டால் ஒரு சதவீதம் குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரையான சொத்துக்கு மட்டுமே. இவர்களுக்குக் கிடைக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் கடன் தகுதியில் இருந்தது. மனைவியின் சம்பளம் 22,000. கணவர் கையில் புரளும் பணம் அதிகம், ஆனால் வருமான வரிக் கணக்கில் காட்டியது ஆண்டுக்கு ஐந்தரை லட்சம். வங்கி அதைத்தான் பார்க்கும். மாதம் 67,000க்குச் சற்று மேல் என்று வைத்து, அதில் பாதியை மொத்தத் தவணைக்கு ஒதுக்கியது வங்கி. அதிலும் லாரித் தவணை 11,500 போய்விட்டது. மீதி 22,000க்கு, 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு, 25 லட்சம்தான் கடன் வரும். லாரிக் கடனில் பாக்கி இருந்ததோ 1.4 லட்சம் மட்டும். அதை முழுதாக அடைத்துவிட்டால் தகுதி 38 லட்சத்துக்கு மேல் ஏறும். 1.4 லட்சம் கட்டினால் 13 லட்சம் கூடுதலாகக் கடன் கிடைக்கும் என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. லாரிக் கடனை அடைத்தார்கள். தகுதி இருக்கிறது என்பதற்காக 38ஐயும் வாங்க வேண்டாம், காய்கறி விலை விழும் மாதத்திலும் கட்டக்கூடியது 26,000 தவணைதான் என்று கணவரே ஒரு கோடு கிழித்தார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

விற்பவர் ஒரு வழி சொன்னார்: பத்திரத்தில் 32 லட்சம் காட்டுவோம், மீதி 16 லட்சம் ரொக்கமாகக் கொடுங்கள், பத்திரச் செலவு மிச்சம். வங்கி 32 லட்சத்தின் மேல்தான் கடன் தரும் என்பதால் கணக்கு அங்கேயே உதைத்தது. பணம் இருந்திருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2015 முதல் விதி இருக்கிறது. தவிர, நாளை இவர்கள் விற்கும்போது வாங்கிய விலை 32 என்றே கணக்காகி, காட்டாத 16 லட்சமும் லாபமாகி அதற்கும் வரி வரும்.

மலைக்கு அந்தப் பக்கம்

சித்திரையில் புனலூருக்கு இப்பால் ஒரு மனை வந்தது. கணவரின் வேலைக்கு வசதி, விலையும் குறைவு. அங்கே மனை வாங்கிக் கேரளா மாடலில் கட்டலாம் என்று ஒரு யோசனை. ஏன் விலை குறைவு என்பது வரிச் சீட்டைப் பார்த்ததும் தெரிந்தது. ஆவணத்தில் அது நெல்வயல். மண் கொட்டி மேடாக்கி, தென்னைகூட வைத்திருந்தார்கள். கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டப்படி, நேரில் எப்படித் தெரிந்தாலும் ஆவணத்தில் என்ன இருக்கிறது, அரசின் நெல்வயல் பட்டியலான தரவு வங்கியில் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் வீடு கட்ட அனுமதி. போதாததற்கு அங்கே முத்திரைத்தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 10 சதவீதம். கட்டி முடிக்கும்வரை வாடகையும் தவணையும் சேர்ந்து கட்ட வேண்டும், கட்டும்போது பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. அதை விட்டுவிட்டார்கள்.

ஆனியில் பார்த்தது

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தில் தொடங்கிவிட்டது. ஜூன் மூன்றாம் வாரம், சில நாள் விடாமல் சாரல் அடித்திருந்த ஒரு காலையில் மூவரும் புளியரைச் சாலை வீட்டுக்குப் போனோம்.

கீழ்த்தளம் பரவாயில்லை. மாடிப் படுக்கையறைக் கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. மலை பார்க்கும் ஜன்னலின் கீழ் இரண்டு மூலையிலிருந்தும் பழுப்பாக நீர் இறங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே வரை சுவரில் பூசிய பட்டி பொரிந்து நின்றது. விரலால் தொட்டால் உதிர்ந்தது. ஜன்னல் நகரும் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) வகை. அதன் அடிச்சட்டத்தில் புகுந்த நீர் வெளியே போகச் சிறு துளைகள் இருக்க வேண்டும். இருந்தன, ஆனால் பூசும்போது கொத்தனார் வெளிப்பக்கம் சிமென்டால் அடைத்திருந்தார். சட்டத்துக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. ஒவ்வொரு காற்றுக்கும் அது அலைபோல உள்பக்கம் வழிந்ததை நின்று பார்த்தோம். அந்த அம்மா கைக்குட்டையை எடுத்து ஒருமுறை துடைத்தார். அடுத்த காற்றில் மறுபடி வந்தது.

துளையைக் குத்திவிட்டால் அது சரியாகிவிடும். சரியாகாதது ஜன்னலுக்கு மேலே இருந்தது. முகப்பு அழகுக்காகச் சுவரிலிருந்து அரையடி நீட்டி வார்த்த பெட்டிச் சட்டத்தின் மேல்முகம் வெளிப்பக்கம் சரியாமல் மட்டமாக இருந்தது. தண்ணீர் அங்கே நின்று, சட்டமும் சுவரும் சேரும் கீறலில் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தின் அடியில், நீர் சுவருக்கு ஓடிவராமல் சொட்டிவிழ ஒரு பள்ளக் கோடு போட்டிருக்க வேண்டும். அதுவும் இல்லை. தட்டட்டியில் (மொட்டை மாடியில்) மழைநீர்க் குழாய் இரண்டே. ஒன்று இலை அடைத்து, அந்த மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர். தட்டையான சுட்ட ஓடான தட்டோடு பதிக்காமல் வெறும் பூச்சு மட்டும் கொடுத்திருந்தார்கள்.

விற்பவரிடம் இரண்டு வேலை கேட்டோம்: மேற்குச் சுவருக்கு இரண்டடி சன்ஷேடு, தட்டட்டிக்குச் சரிவு கொடுத்துத் தட்டோடு. தட்டட்டியில் பங்குனியில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றார். சன்ஷேடுக்குக் கண்டிப்பாக மறுத்தார், எலிவேஷன் கெட்டுவிடுமாம். அத்தோடு பேச்சு முடிந்தது. டோக்கனுக்கு எழுத்து எதுவும் இல்லாததால் பல வாரம் அலைந்து 30,000 மட்டும் திரும்ப வந்தது.

ஊருக்குள் ஒரு பழைய வீடு

அதே சாரலில் இன்னொரு வீடு பார்த்தோம். 2003இல் கட்டியது, 5 சென்ட், ஒரே தளம், ஆயிரம் சதுர அடிக்குச் சற்று மேல். முன்னால் மங்களூர் ஓடு போட்ட தார்சா, பின்னால் கான்கிரீட், மேலே தட்டோடு. சொன்ன விலை 38 லட்சம். பார்க்க ஒன்றும் இல்லை. பட்டாசல் பகலிலும் இருட்டு, ஜன்னல்கள் சின்னவை. அந்த அம்மா முதலில் உள்ளே வரவே தயங்கினார். ஆனால் மேற்குச் சுவரை உள்ளே எங்கே தொட்டாலும் காய்ந்திருந்தது. எல்லா ஜன்னலுக்கும் இரண்டடி சன்ஷேடு, அடியில் பள்ளக் கோடு. கட்டிய கொத்தனாருக்கு ஊர் மழை தெரிந்திருக்கிறது.

குறைகளையும் எழுதிக் கொடுத்தேன். குளியலறைக் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து துருக் கம்பி தெரிந்தது. பல பிளக் பாயின்ட்டில் எர்த் கம்பி இல்லை. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே பத்தடிகூடக் கிடையாது, அதனால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. இவற்றைக் காட்டிப் பேசி விலை 36.5 லட்சத்துக்கு இறங்கியது. வங்கியின் மதிப்பீட்டாளர் 35 லட்சம் என்று போட்டார். கடன் 30 லட்சம் என்றால் அது 90 சதவீத வரம்புக்குள்தான்.

இங்கே சிக்கல் தாளில் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரையும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த ஊர். மூலப்பத்திரம் கொல்லம் ஆண்டு 1120 என்று தேதியிட்டது, அதாவது 1944-45. அது விற்பவர் குடும்பத்துப் பெரியவர் காலத்துச் சொத்து. அதன்பின் பாகப்பிரிவினையில் விற்பவரின் தந்தைக்குத் தனியாக வந்திருந்தது. அதுவரை தொடர்ச்சி சரி. ஆனால் பட்டா இன்னும் காலமான தந்தை பேரில். உயில் இல்லை. விற்பவரின் தாயும் முன்பே இறந்துவிட்டார். வாரிசுச் சான்றில் இரண்டு பேர்: விற்கும் மகன், புனலூரில் கட்டிக்கொடுத்த மகள்.

"அவளுக்கு அப்பவே நகை போட்டு அனுப்பியாச்சு" என்பது அண்ணனின் வாதம். உயில் எழுதாமல் தந்தை இறந்தால், அவர் சொத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு. போட்ட நகை அந்தப் பங்கைக் கழிக்காது. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதட்டும், இல்லையென்றால் கிரயப் பத்திரத்தில் அவரும் விற்பவராகக் கையெழுத்துப் போடட்டும், இரண்டும் இல்லாமல் வாங்க வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். தங்கையிடம் போனில் கேட்டபோது அவர் பணத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. "கையெழுத்துப் போட எனக்கு ஒண்ணும் இல்லை. அண்ணன் வந்து கேக்கட்டும்" என்றார். அண்ணன் போகவில்லை. ஆடி முழுக்க இப்படியே போனது. இந்த மாதத்தில் எப்படியும் பத்திரம் நடக்காது என்பதால் வாங்குகிறவர்களுக்கு இழப்பு இல்லை, ஆனால் மனக் கலக்கம் இருந்தது. அண்ணனின் மனைவிதான் கடைசியில் அவரைக் கூட்டிக்கொண்டு புனலூர் போய்வந்தார்.

முடிவு

ஆவணி மாதம் பதிவு நடந்தது. அண்ணன், தங்கை இருவருமே விற்பவர்களாகக் கையெழுத்திட்டார்கள். வங்கிக் காசோலை இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதப்பட்டது. அவர்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சொத்து கணவன் மனைவி இருவர் பேரிலும். பத்திரத்தில் முழு விலை 36.5 லட்சம் காட்டப்பட்டது. கைக்காசு 6.5 லட்சம், பத்திரச் செலவு 3.28 லட்சம், அடைத்த லாரிக் கடன் 1.4 லட்சம். மீதி ஏறக்குறைய 1.8 லட்சம் பழுதுபார்ப்புக்கு. அதற்குள் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 5.5 சதவீதத்துக்கு இறங்கியிருந்ததால் வட்டியும் பங்குனியில் கணக்கிட்டதைவிடக் குறைந்து, தவணை கணவர் கிழித்த கோட்டுக்குள் வந்தது.

அதன்பின்

தார்சா ஓட்டில் நான்கு கண்ணாடி ஓடு மாற்றினார்கள். பட்டாசலுக்கும் தார்சாவுக்கும் இடையே இருந்த சுவரில் ஜன்னலைப் பெரிதாக்கினார்கள். இருட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஐப்பசியில் வடகிழக்கு மழை வந்தபோது சுவர்கள் தாங்கின. குளியலறைக் கூரை தாங்கவில்லை. பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசியிருந்தார்கள்; துருவைச் சுரண்டி, மேலே தட்டோட்டைப் பெயர்த்து நீர்க்கசிவின் மூலத்தை அடைத்திருக்க வேண்டும். மறுபடி செய்தார்கள். வயரிங்கும் நினைத்ததைவிட மோசம்: எலெக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டியைத் திறந்ததும் முழுதும் மாற்ற வேண்டும் என்றார். 1.8 லட்சம் என்று நினைத்த வேலை 2.6 லட்சத்தில் முடிந்தது. மீதிக்கு நகை அடகு வைத்தார்கள்.

மாற்றிச் செய்யக்கூடியவை

டோக்கன் கொடுக்கும்போதே, எந்தக் குறை தெரிந்தால் பணம் முழுதும் திரும்ப வரும் என்று எழுதியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டத்திருத்தம் 2012இலேயே வந்துவிட்டது. ஊரில் இன்னும் வாய்வார்த்தையிலும் வெறும் முத்திரைத்தாளிலும்தான் பாதி நடக்கிறது. இவர்கள் இழந்தது 20,000. இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் ஈரச் சுவரையும் சேர்த்து வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இருபது வருடப் பழைய வீட்டுக்கு, விலை பேசும் முன்பே எலெக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கூட்டிப்போய்ப் பார்ப்பது நல்லது. எர்த் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தது விலையைக் குறைக்க உதவியது, ஆனால் மாற்ற எவ்வளவு ஆகும் என்று அப்போது யாரும் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் இன்னும் ஐம்பதாயிரமாவது இறங்கிப் பேசியிருக்கலாம்.

வாரிசு விவகாரத்தை வழக்கறிஞர் ஆனியிலேயே பிடித்துவிட்டார். அப்போதே அண்ணனைத் தங்கை வீட்டுக்கு அனுப்ப யாராவது பெரியவர் முயன்றிருந்தால் ஆடியில் காத்திருந்த கலக்கம் இருந்திருக்காது. பட்டா மாறுதல் புரட்டாசியில் வந்தது. வீட்டு வரியும் மின் இணைப்பும் பெயர் மாற்ற விண்ணப்பித்திருக்கிறார்கள். புளியரைச் சாலை வீடு தையில் வேறொருவருக்கு விற்றுப்போனது.